வெக்கை வேறு, புழுக்கம் வேறு

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நைனார்பாளையத்துத் தெருவில் நடந்தால் உடம்பில் வேர்வை தங்காது. சுரந்த வேகத்தில் காய்ந்து, சட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு மட்டும் விட்டுப் போகும். அதே தெருவில் ஐப்பசி மழை விட்ட மறுநாள் நடந்து பாருங்கள். வெயில் அவ்வளவாக இருக்காது, ஆனால் முதுகு நனைந்தபடியே இருக்கும். முதலாவதை வெக்கை என்கிறோம், இரண்டாவதைப் புழுக்கம் என்கிறோம். இரண்டையும் சூடு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறது நம் பேச்சு. அந்தப் பாகுபாட்டில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. நான்கு சுவருக்குள் ஒரு பயிரை வளர்க்க நினைக்கிற எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் அது.

நைனார்பாளையம் இருக்கிற, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சின்னசேலம் வட்டம் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மண். விளைச்சலை அடுக்கி வைக்க வீட்டை ஒட்டி ஓர் அறை பலரிடம் உண்டு. வருடத்தில் பாதி நாள் அது காலியாகக் கிடக்கும். அந்த அறையில் வளர்க்கக்கூடிய பயிர் ஒன்று இருக்கிறது. அதற்கு நிலம் வேண்டாம், உரம் வேண்டாம், வெயிலும் வேண்டாம். சிப்பிக் காளான்தான் அது. வைக்கோலும் காளான் வித்தும் தண்ணீரும் போதும். ஆனால் தொடங்கியவர்களில் பலர் முதல் கோடையிலேயே கைவிடுகிறார்கள். வித்து சரியில்லை என்பார்கள், வைக்கோல் சரியில்லை என்பார்கள். பெரும்பாலும் சரியில்லாமல் போவது அறையின் காற்றுதான்.

ஓர் அறை, இருநூறு படுக்கைகள்

தமிழ்நாட்டுக்குக் காளான் புதிதல்ல. 1943-இலேயே கோவையில் வைக்கோல் காளான் வளர்ப்பைப் பற்றிய ஆய்வு நடந்திருக்கிறது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை எளிமையானது. வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஊற வைத்து, வேக வைத்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்துக்கு உலர்த்த வேண்டும். பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், அதன்மேல் கொஞ்சம் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பினால் உருளைப் படுக்கை தயார். பையின் நடுவில் இரண்டு சிறு துளைகள் இட்டு, உறி கட்டித் தொங்கவிட வேண்டும். 15 முதல் 20 நாளில் வெள்ளைப் பூசண இழை வைக்கோல் முழுவதும் பரவிவிடும். இந்தக் கட்டத்துக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. பிறகு பையைக் கிழித்தால் சில நாளில் குண்டூசித் தலை போல மொட்டுகள் கிளம்பும். அப்போது அறை 23 முதல் 25 டிகிரியிலும், ஈரப்பதம் 85 விழுக்காட்டை ஒட்டியும் இருக்க வேண்டும்.

சின்னசேலம் பக்கம் கோடைப் பகல் 38 டிகிரியைத் தாண்டுகிற ஊர். 24 டிகிரி கேட்கிற பயிரை இங்கே எப்படி வளர்ப்பது? மாவட்டத்தின் மேற்கே நிற்கிற கல்வராயன் மலையில் இந்தக் கேள்விக்குப் பாதி விடை இயற்கையாகவே கிடைத்துவிடுகிறது. 1000 மீட்டர் உயரம் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. அறுநூறு மீட்டர் ஏறினாலே நான்கு டிகிரி மிச்சம். சமவெளிக்காரர்கள் அந்த மலைக்காற்றை அறைக்குள் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன், அறைக்குள் சூடு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பதினேழு அடி அறை, உயரம் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை ஏறக்குறைய 16 சதுர மீட்டர், உள்ளே 48 கன மீட்டர் காற்று. அதில் 200 படுக்கைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ காய்ந்த வைக்கோல்.

முதல் சூடு மேலிருந்து வருகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. 16 சதுர மீட்டருக்கு 16 கிலோவாட். அதில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும் என்றாலும் அது சிறிய பங்கல்ல. ஆஸ்பெஸ்டாஸ் ஓடும் தகரமும் உடனே இறக்கிவிடும். காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் இறக்கும். தளம் போட்ட அறையில் மாலை ஏழு மணிக்கு மேல் ஏணி ஏறித் தளத்தைத் தொட்டால் இது புரியும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் தலைக்கு மேல் அடுப்பு அணையாமல் இருக்கும்.

இரண்டாவது சூட்டைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அது படுக்கைக்குள்ளிருந்தே பிறக்கிறது.

படுக்கை மூச்சு விடுகிறது

செடி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் தருகிறது. காளானுக்குப் பச்சையம் கிடையாது. அது நம்மைப் போல. வைக்கோலில் உள்ள நாரைச் செரித்து, ஆக்சிஜனை உள்ளே இழுத்து, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. உண்ட மனிதனின் உடம்பு சுடுவது போலவே உண்ணுகிற பூசணத்தின் உடம்பும் சுடுகிறது. ஒரு வெப்பமானியை உறியின் கயிற்றில் கட்டிவிடுங்கள், இன்னொன்றைப் பையின் துளை வழியாகப் படுக்கையின் நடுவில் செருகுங்கள். வித்து வேகமாகப் பரவுகிற நாள்களில் உள்ளே இருப்பது சில டிகிரி கூடுதலாகக் காட்டும். அறை 28 டிகிரி என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது படுக்கையின் வயிறு 32-ஐத் தொட்டிருக்கும். அந்தச் சூடு சிப்பிக் காளானைத் தளர்த்தும், பச்சைப் பூஞ்சாணத்தை வளர்க்கும். வெள்ளையாகப் பரவ வேண்டிய படுக்கையில் பச்சைத் திட்டு தெரிவதற்குத் தொடக்கம் பெரும்பாலும் இங்கேதான்.

எவ்வளவு வெப்பம்? ஒரு கிராம் சர்க்கரை முழுவதும் எரிந்தால் சுமார் 15.6 கிலோஜூல் வெளிவரும். மெதுவாக மூச்சில் எரிந்தாலும் அதே அளவுதான். ஒவ்வொரு படுக்கையும் 20 நாளில் 100 கிராம் எடையை இப்படி மூச்சில் இழக்கிறது என்று வைத்தால், 200 படுக்கைகளும் சேர்ந்து இடைவிடாமல் ஏறத்தாழ 180 வாட் வெப்பம் தரும். பழைய 60 வாட் குண்டு பல்பு மூன்றை அறைக்குள் இரவும் பகலும் எரியவிட்டதற்குச் சமம். பகலில் கூரையின் சூட்டோடு ஒப்பிட்டால் இது சிறியது. கூரையும் குளிர்ந்த பிறகு, கதவைச் சாத்திய இரவில் இதுதான் பெரியது.

அதே மூச்சில் வருகிற கரியமில வாயுவையும் கணக்கிடலாம். 100 கிராம் சர்க்கரை எரிந்தால் 80 லிட்டருக்குச் சற்று அதிகமாக வாயு உண்டாகும். நம் அறையில் இது மணிக்கு ஏறத்தாழ 34 லிட்டர். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்கில் 425 பங்கு போலத்தான் கரியமில வாயு இருக்கிறது. அடைத்த அறையில் மணிக்கு 700 பங்கு வீதம் ஏறுமானால், ஒரு மணி நேரத்திலேயே 1000 பங்கைக் கடந்துவிடும். இழை பரவுகிற கட்டத்தில் காளான் இதைப் பொருட்படுத்தாது. பல ஆயிரம் பங்கு இருந்தாலும் வளரும். ஆனால் மொட்டு விடும்போது 1000 பங்குக்குக் கீழே இருந்தால்தான் குடை விரியும்.

காற்றுப் போதாத அறையைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, காளானே சொல்லிவிடும். காம்பு விரல் போல நீண்டுகொண்டே போகும், தலையில் பொத்தான் அளவுக்குக் குடை ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல காற்றுள்ள அறையில் அதே வித்து, அதே வைக்கோல், குட்டைக் காம்பும் உள்ளங்கை அகலக் குடையுமாக அடுக்கடுக்காக விரியும். மண்ணுக்கும் மட்டைக்கும் அடியில் பிறக்கிற காளான் வெளிக்காற்றைத் தேடிக் கழுத்தை நீட்டுவது அதன் இயல்பு. வெளியே வந்துவிட்டோம் என்பதைக் கரியமில வாயு குறைவதை வைத்து அது தெரிந்துகொள்கிறது. அறை முழுவதும் மூச்சுக்காற்று நிரம்பியிருந்தால் இன்னும் புதைந்தே இருக்கிறோம் என்று எண்ணி நீண்டுகொண்டே போகும்.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தார் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் மொட்டுக் காளான் வளர்த்தார்கள். நிலத்தடியில் ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சி. ஆனால் குளிர்ச்சி மட்டும் போதவில்லை. தரை மட்டத்திலிருந்து கிணறு போலத் துளையிட்டுக் காற்றையும் இறக்க வேண்டியிருந்தது. குளிர்ச்சியும் காற்றோட்டமும் வேறு வேறு தேவைகள் என்பதற்கு அந்தச் சுரங்கங்கள் பழைய சான்று.

வெக்கைக்குத் தண்ணீர்

இப்போது நம் இரண்டு சொற்களுக்கு வருவோம்.

வெக்கை நாளின் காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்று வையுங்கள். காய்ந்த காற்று தண்ணீருக்கு ஏங்கும். அதன் பாதையில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டால் சாக்கிலுள்ள நீர் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். இந்தக் காற்றை நீரை மட்டும் கொண்டு அதிகபட்சம் 24 டிகிரிக்கு அருகே வரை இறக்க முடியும் என்கிறது இயற்பியல். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு அது. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று அதற்குப் பெயர். சாக்குத் திரை அந்த எல்லையை முழுவதும் எட்டாது, ஆனால் பல டிகிரி இறக்கிவிடும்.

அதனால் கோடைப் பகலில் செய்ய வேண்டியவை தெளிவு. தரையில் இரண்டு அங்குலத்துக்கு ஆற்றுமணல் பரப்பி நனைத்து வையுங்கள். காற்று வருகிற பக்கத்துச் சன்னலிலும் கதவிலும் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு அடிக்கடி நனையுங்கள். கூரைக்கு மேல் தென்னங்கீற்று அல்லது சோளத்தட்டை வேய்ந்து நிழல் கொடுங்கள். அது முடியாவிட்டால் தளத்துக்குச் சுண்ணாம்பாவது அடியுங்கள். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். கீற்றுக் கொட்டகையைக் காளானுக்கு ஏற்ற கூரையாகச் சொல்வதற்கு அறிவியல் காரணம் உண்டு. ஓலைகளுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஓலை இடுக்குகள் அறைக்கு மூச்சும் விடும். காங்கிரீட் அறைக்கு மாறுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் இழக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாக ஈடுகட்ட வேண்டும்.

படுக்கைகள் நாள் முழுவதும் தருகிற 180 வாட் வெப்பத்தைத் தணிக்க எவ்வளவு நீர் ஆவியாக வேண்டும்? கணக்குப் போட்டால் ஆறரை லிட்டர். அரைக் குடம் தண்ணீர்! இவ்வளவு மலிவான குளிர்சாதனம் வேறில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த ஆவி அறையை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் காற்று நீரால் நிறைந்துவிடும், அதற்கு மேல் ஒரு சொட்டும் ஆவியாகாது. தண்ணீர் தெளிப்பது பாதி வேலை, காற்றை மாற்றுவது மறுபாதி.

புழுக்கத்துக்குக் காற்று

இனி புழுக்கம். மழைக்காலப் பகல், 32 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. கோடையை விட ஆறு டிகிரி குறைவு. ஆனால் இந்தக் காற்றை நீரால் எவ்வளவு இறக்க முடியும்? 29 டிகிரி வரைதான். ஈரச் சாக்கு இங்கே கைகொடுக்காது. கோடையில் பலன் தந்த அதே பழக்கத்தில் இப்போதும் சுவரையும் தரையையும் நனைத்துக்கொண்டே இருந்தால், அறை குளிராது, நசநசக்கும். பாலித்தீனின் உட்புறம் நீர் முத்து கோத்து நிற்கும். மொட்டுகளின்மேல் தண்ணீர் தேங்கி, பாக்டீரியா பிடித்து, மஞ்சளாகி அழுகும். பொறுப்பாகத் தண்ணீர் தெளித்தவர்தான் இந்த நட்டத்தைச் சந்திக்கிறார் என்பது வருத்தமான உண்மை.

இன்னொரு நுட்பமும் உண்டு. 32 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 27 கிராம் நீராவி இருக்கும். 25 டிகிரிக் காற்று 23 கிராமுக்கு மேல் தாங்காது. குளிர்ந்த அறைக்குள் அந்தப் பகற்காற்றை விட்டால் மிச்சமுள்ளது சுவரிலும் காளானிலும் பனியாகப் படியும். எனவே புழுக்க நாளில் பகலில் கதவைச் சாத்தி, தேவையான அளவு மட்டும் காற்று விட்டு, இரவு பத்து மணிக்கு மேலும் விடியற்காலையிலும் நன்றாகத் திறந்துவிடுவதே முறை. வெக்கை நாளுக்கும் விடியற்காலைக் காற்று நல்லது. ஆனால் அப்போது ஈரச் சாக்கு வழியாக வர வேண்டும், இல்லையென்றால் காய்ந்த காற்று குடையின் ஓரத்தை வெடிக்க வைத்துவிடும்.

காற்று எந்த வழியாகப் போக வேண்டும்? சூடான காற்று மேலே ஏறும். ஆகவே தரையோரம் ஒரு திறப்பு, எதிர்ச்சுவரில் கூரையோரம் ஒரு திறப்பு. கீழே குளிர்ந்தது நுழைய, மேலே சூடானது வெளியேறும். விசிறியே இல்லாமல் இது நடக்கும். கரியமில வாயு வெறுங்காற்றை விடக் கனமானது, மூடிய அறையில் காற்று அசையாவிட்டால் கீழ்ப்படுக்கைகளைச் சுற்றித் தேங்க வாய்ப்பு உண்டு. கீழ்த்திறப்பு அதற்கும் பயன்படும். இரண்டு திறப்புகளிலும் மெல்லிய கண்ணுள்ள நைலான் வலை கட்டாயம். இல்லாவிட்டால் காளான் ஈ நுழைந்து முட்டையிட்டுவிடும்.

இயல்பாக ஓட்டம் போதாவிட்டால் மேல்திறப்பில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்தலாம். கரியமில வாயுவை 1000 பங்குக்குள் வைக்க நம் அறைக்கு மணிக்கு ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகக் காற்று மாறினால் போதும். அதாவது ஏறத்தாழ 58 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு 200 கன மீட்டர் என்று எழுதியிருந்தால் மணிக்கு 17, 18 நிமிடம் ஓட்டினால் சரி. இடைவிடாமல் ஓட்டினால் ஈரம் பறந்துவிடும். அறைக்குள் சீலிங் ஃபேன் போடுவது மட்டும் வேண்டாம். நமக்குக் குளிர்வது வேர்வை காய்வதால். அறையைப் பொறுத்தவரை 75 வாட் ஃபேன் என்பது 75 வாட் அடுப்பு. வீட்டு அலமாரியில் எல்.இ.டி. விளக்கு வைத்துக் கீரையோ நாற்றோ வளர்க்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். விளக்கு வாங்குகிற ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது, அதை வெளியேற்ற ஒரு வழி வேண்டும்.

இரண்டு வெப்பமானி

இன்று வெக்கையா புழுக்கமா என்று உடம்பு சொல்லும். ஆனால் அறைக்குள் எந்த நேரத்தில் எது நடக்கிறது என்று அறிய உடம்பு போதாது. இரண்டு சாதாரண வெப்பமானிகள் வாங்குங்கள். ஒன்றை அப்படியே தொங்கவிடுங்கள். மற்றதன் குமிழில் பருத்தித் திரி சுற்றி, திரியின் நுனியைச் சிறு கிண்ணத் தண்ணீரில் விடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 25 டிகிரியை ஒட்டி வித்தியாசம் 2 டிகிரி என்றால் ஈரப்பதம் ஏறக்குறைய 85, காளானுக்கு வேண்டியது அதுதான். 30 டிகிரியில் 6 டிகிரி வித்தியாசம் என்றால் 60 விழுக்காடு, தண்ணீர் தெளிக்கலாம். வித்தியாசம் 1 டிகிரிக்கும் கீழே வந்துவிட்டதா, தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டுக் காற்றை விடுங்கள்.

வித்தியாசம் பெரிது என்றால் வெக்கை, தண்ணீர். வித்தியாசம் சிறிது என்றால் புழுக்கம், காற்று. எழுதிச் சுவரில் ஒட்டி வைக்க இந்த இரண்டு வரி போதும்.

வெயிலுக்கேற்ற காளான்

இத்தனை செய்தும் சித்திரை, வைகாசியில் 24 டிகிரியைப் பிடிப்பது சமவெளியில் கடினம். அப்போது அறையோடு மல்லுக்கட்டுவதை விடப் பயிரை மாற்றுவது அறிவு. சூட்டை விரும்புகிற பால் காளான் இந்த நாட்டுக்கே உரியது. மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. அதை வணிகப் பயிராக்கியதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. இதற்கு 30 முதல் 35 டிகிரி வேண்டும். இழை பரவிய படுக்கையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே மண் பரப்பி, நிலத்தில் பாதி புதைந்த குடிலில் நீல நிற சில்பாலின் பிளாஸ்டிக் விரிப்புக் கூரைக்குக் கீழே வைக்கிறார்கள். மண்ணுக்குள் இறங்கிய சுவர் பகல் இரவு ஏற்றத்தாழ்வைத் தணிக்கிறது, ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. ஐப்பசி முதல் மாசி வரை சிப்பிக் காளான், பங்குனி முதல் பால் காளான் என்று சுற்றில் வைத்தால் ஆண்டு முழுவதும் பலன் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை சொல்லாமல் முடிக்கக் கூடாது. இரவு முழுவதும் சாத்திய அறைக்குள் காலையில் நேராக நுழையாதீர்கள். கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காற்று மாறவிட்டு உள்ளே போங்கள். சிப்பிக் காளானை முற்றவிடாமல், குடை ஓரம் விரிந்து தட்டையாகும் முன் பறித்துவிடுங்கள். முற்றினால் அது கண்ணுக்குத் தெரியாத விதைத்தூளைக் கொட்டும். நாள்தோறும் அதைச் சுவாசிக்கிறவருக்கு இருமலும் காய்ச்சலும் நுரையீரல் ஒவ்வாமையும் வரக்கூடும். பறிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அவசியம். அறைக்கு நல்ல காற்று என்றால் அங்கே வேலை செய்கிற நம் வீட்டுப் பெண்களுக்கும் நல்ல காற்று என்று பொருள்.

காளான் தொடங்க நினைக்கிறவர்கள் வித்துக்கும் பைக்கும் காசு ஒதுக்குகிறார்கள். அத்தோடு இரண்டு வெப்பமானிக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் ஒதுக்குங்கள். ஒரு படுக்கையும் உள்ளே கொண்டுபோகாமல் பத்து நாள், காலை ஆறு, பகல் இரண்டு, இரவு எட்டு என்று மூன்று வேளை வெறும் அறையின் சூட்டையும் ஈரத்தையும் குறித்து வாருங்கள். அந்த முப்பது குறிப்புகள் கையில் இருந்தால், எந்தக் காளானை, எந்த மாதத்தில், எந்தச் சன்னலைத் திறந்து வளர்ப்பது என்பதை உங்கள் அறையே உங்களுக்குச் சொல்லிவிடும்.